உட்காரும் ஸ்பிரிங், முறியும் ஸ்பிரிங்: புனே பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போசரி எம்.ஐ.டி.சி.யிலோ சாக்கணிலோ ஒரு ஸ்பிரிங் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தால், முதல் வாரமே கையில் வெர்னியரையும் ஒரு தட்டு நிறைய ஸ்பிரிங்கையும் கொடுத்து நீளம் பார்க்கச் சொல்வார்கள். ஆகுர்டியில் பஜாஜ், பிம்ப்ரியில் டாடா என்று வாகனத் தொழில் வேரூன்றிய ஊர் இது. வால்வு, கிளட்ச், பிரேக், ஷாக் அப்சார்பர் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பிரிங் வேண்டும். கோவையிலோ திருச்சியிலோ டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே ரயில் இறங்குகிறவர்களில் சிலர் இந்த வேலைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கு.

நீளம் பார்ப்பது அரை நாளில் பழகிவிடும். கத்ரஜ் கணவாயில் பாரம் ஏற்றிக்கொண்டு மூன்று வருடம் ஓடிய பிறகும் அந்த நீளம் நிற்குமா, ஸ்பிரிங் முழுசாக இருக்குமா என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம். நல்ல கம்பி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிற மேலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே கம்பிச்சுருளிலிருந்து செய்த இரண்டு ஸ்பிரிங்குகள், சுற்றிய பிறகு பட்ட சூடும் அடியும் அழுத்தமும் எந்த வரிசையில் வந்தன என்பதைப் பொறுத்து, இரண்டு வெவ்வேறு பொருட்களாகவே நடந்துகொள்ளும். உட்காராமல் இருக்கச் செய்யும் சிகிச்சை சில சமயம் முறிவை நெருங்க வைக்கும். முறியாமல் இருக்கச் செய்யும் சிகிச்சை உட்கார வைக்கும். இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே வரும் படிகள் ஏன் இந்த வரிசையில் இருக்கின்றன என்பது விளங்கும்.

முதல் படி: இரண்டு நோய்களையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

ஸ்பிரிங் மேல் ஒரே பாரத்தை வைத்துவிட்டுப் போனால் நாள்பட நாள்பட அது கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும். இது கிரீப். ஒரே உயரத்துக்கு அமுக்கிப் பூட்டிவைத்தால் உயரம் மாறாது, ஆனால் அது திருப்பித் தள்ளும் விசை குறையும். இது ரிலாக்சேஷன். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எஃகின் படிகங்களுக்குள் இருக்கும் சிறு குறைகள் பாரத்தின் கீழே மெல்ல நகர்ந்து இடம் மாறுகின்றன, மீளவேண்டிய திரிபில் ஒரு பங்கு மீளாத் திரிபாகிவிடுகிறது. மெக்கானிக்குகள் இரண்டையும் சேர்த்து ‘ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது’ என்பார்கள். பட்டறையில் ‘செட் எடுத்துவிட்டது’ என்பது வழக்கு.

இந்த உட்காருதல் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. முதல் சில மணி நேரத்தில் வேகம், பிறகு மந்தம். முதல் மணியிலிருந்து பத்தாவது மணி வரை எவ்வளவு இழந்ததோ, ஏறக்குறைய அதே அளவை இழக்கப் பத்தாவது மணியிலிருந்து நூறாவது மணி வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். தகைவு கூடினால் இழப்பு கூடும். வெப்பம் கூடினால் இன்னும் அதிகம் கூடும். இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒரே கம்பி ஏன் போடுவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

ஃபெட்டீக் வேறு கதை. பாரம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, லட்சக்கணக்கான தடவைக்குப் பிறகு கம்பியின் மேற்பரப்பில் எங்கோ ஒரு கீறலிலோ குழியிலோ விரிசல் பிறக்கிறது. அதுவரை வெர்னியரில் எதுவுமே தெரியாது. நீளம் சரி, விசை சரி, ஒருநாள் இரண்டு துண்டு. உட்காருவது கம்பியின் உடம்பு முழுக்க நடக்கிறது. முறிவு மேற்பரப்பின் ஒரு புள்ளியில் தொடங்குகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறுபடுவது இதனால்தான்.

இரண்டாம் படி: ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

கணக்கு என்றதும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரே ஒரு ஸ்பிரிங்குக்குப் போட்டாலே போதும்.

8 மி.மீ. கம்பி, சுருளின் சராசரி விட்டம் 48 மி.மீ.; வேலை செய்யும் சுற்றுகள் 6, முனைச் சுற்றுகளும் சேர்த்து 8; சும்மா இருக்கும்போது நீளம் 114 மி.மீ. சுருள் விட்டத்தைக் கம்பி விட்டத்தால் வகுத்தால் 6 வரும். இதைச் சுருள் விகிதம் என்பார்கள். 2000 நியூட்டன் பாரம் வைக்கிறோம். 8-ஐப் பாரத்தாலும் சுருள் விட்டத்தாலும் பெருக்கி, கம்பி விட்டத்தின் கனத்தைப் பையால் பெருக்கிய தொகையால் வகுத்தால் முறுக்குத் தகைவு கிடைக்கும்: சுமார் 477 மெகாபாஸ்கல்.

ஆனால் நேராக இருக்கும் கம்பிக்குத்தான் அந்தக் கணக்கு சரி. வளைத்துச் சுற்றிய கம்பியில் சுருளின் உட்பக்கம் அதிகம் வருந்தும். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸில் இருந்த ஆர்தர் வால் இதற்கு ஒரு திருத்தக் காரணியைத் தந்தார்; 1944-ல் வந்த அவருடைய ஸ்பிரிங் புத்தகம் இத்துறையில் அடிப்படை நூல். சுருள் விகிதம் 6 என்றால் அந்தக் காரணி 1.25. அப்படியானால் உட்பக்கத்தில் உண்மையான தகைவு சுமார் 598 மெகாபாஸ்கல். ஒவ்வொரு நியூட்டனுக்கும் 0.299 மெகாபாஸ்கல் என்று ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். முறிந்த ஸ்பிரிங்குகளில் பெரும்பாலானவை ஏன் உட்பக்கத்திலிருந்து விரிசல் விட்டிருக்கின்றன என்ற கேள்விக்கும் இங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது.

இந்த ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்குச் சுமார் 60 நியூட்டன். 2000 நியூட்டனுக்கு 33 மி.மீ. அமுங்கி 81 மி.மீ. உயரத்தில் நிற்கும். அது 2 மி.மீ. உட்கார்ந்துபோனால் அதே 81 மி.மீ. உயரத்தில் 121 நியூட்டன் குறைவாகத் தள்ளும், அதாவது 6 சதவீத இழப்பு. கண்ணுக்கு 2 மி.மீ. ஒன்றுமே இல்லை, வாகன நிறுவனத்தின் வரைபடத்தில் அது நிராகரிப்பு.

மூன்றாம் படி: கம்பியின் பிறப்புச் சான்றிதழைப் படியுங்கள்

நம் நாட்டுத் தரநிலை ஐ.எஸ். 4454. அதன் முதல் பகுதி ‘பேட்டன்டிங்’ என்ற வெப்பச் சிகிச்சை செய்து குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் கம்பிக்கு; இரண்டாம் பகுதி எண்ணெயில் கடினப்படுத்திப் பதப்படுத்திய கம்பிக்கு. முதல் பகுதியில் எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.எச்., டி.எம்., டி.எச். என்று ரகங்கள் வரும். முதல் எழுத்து எஸ் என்றால் நிலையான பாரத்துக்கு, டி என்றால் ஏறி இறங்கும் பாரத்துக்கு. இரண்டாம் எழுத்து இழுவலிமையைச் சொல்கிறது. எஸ்.எச்.சும் டி.எச்.சும் இழுவலிமையில் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் மேற்பரப்பின் ஒழுங்கில். விலையைப் பார்த்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிட்டு, வலிமைச் சோதனையில் தேறிவிட்டதே என்று வாதாடும் கொள்முதல்காரரிடம் சொல்ல வேண்டிய பதில் இது.

வெப்பம் படும் இடத்துக்குச் சிலிக்கான்-குரோமியம் எஃகு. அதில் சிலிக்கான் சுமார் 1.2 முதல் 1.6 சதவீதம், உட்காருவதை எதிர்ப்பதில் அந்தச் சிலிக்கானுக்குத்தான் பெரும்பங்கு. சாதாரணக் குளிர்நிலை இழுப்புக் கம்பிக்கு 120 டிகிரி செல்சியஸ் வரை நம்பலாம். குரோம்-வனேடியத்துக்கு 220 சொச்சம். சிலிக்கான்-குரோமியத்துக்கு 245 வரை. இவை தகைவு மிதமாக இருந்தால் செல்லும் எல்லைகள்.

நான்காம் படி: சுற்றியதும் சூடு

கம்பியை வளைத்துச் சுற்றி விட்டதும் அது கொஞ்சம் பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலில் சுருளின் உட்பக்கத்தில் இழுதகைவு தங்கிவிடுகிறது. ஏற்கெனவே அதிகம் வருந்தப்போகும் இடத்திலேயே, பாரம் ஏறும் முன்பே ஒரு கடன். இதை இறக்கத்தான் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் அடுப்பு.

குளிர்நிலை இழுப்புக் கம்பிக்குச் சுமார் 230 டிகிரி, அரை மணி நேரம். சிலிக்கான்-குரோமியத்துக்கு 370 முதல் 425 வரை. இதில் எஞ்சிய தகைவு இறங்குவதோடு, கார்பன் கம்பியில் மீட்சி எல்லையும் சற்று உயரும். அதாவது முறிவுக்கும் உட்காருதலுக்கும் சேர்ந்து நன்மை செய்யும் சிகிச்சை இது. இந்தப் பட்டியலில் அப்படிச் சண்டையில்லாமல் இரண்டு பக்கமும் உதவுவது அநேகமாக இது ஒன்றுதான்.

சூட்டில் சுருளின் விட்டம் மாறும். கார்பன் எஃகுக் கம்பி சுருங்கும், ஸ்டெயின்லெஸ் விரியும். சுற்றும் இயந்திரத்தில் இதற்கு முன்கூட்டியே இடம் விட வேண்டும். அடுப்பின் காட்டியில் 230 என்று எரிவதை மட்டும் நம்பாதீர்கள். கூடையின் நடுவில் இருக்கும் ஸ்பிரிங்குக்கு அந்தச் சூடு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதே முக்கியம். அரை மணிக் கணக்கு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

சுற்றியதற்கும் சூட்டுக்கும் நடுவே ஸ்பிரிங்கை நாள்கணக்கில் கிடக்க விடாதீர்கள். முனைகளைத் தட்டையாகத் தேய்ப்பது இதற்கடுத்து. தேய்ப்புக்கல் நீலம் பாய்ச்சினால் அந்த இடம் எரிந்துவிட்டது என்று பொருள். அந்த முனையைத் தனியே எடுத்துவைத்து மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஷாட் பீனிங்

சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசி ஸ்பிரிங்கின் மேற்பரப்பு முழுவதும் அடிப்பது பீனிங். துரு எடுக்கவோ பளபளப்பாக்கவோ செய்வதல்ல. ஒவ்வொரு குண்டும் மேல்தோலை நசுக்கிப் பரப்பப் பார்க்கிறது. கீழே இருக்கும் எஃகு விடுவதில்லை. முடிவில் மேல்தோல் நிரந்தர அமுக்குத் தகைவில் சிக்கிக்கொள்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைச் சூடாக ஏற்றிக் குளிரவைத்ததும் அது மரத்துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: நெருக்கத்தில் இருக்கும் இடத்தில் பிளவு வாய் திறக்காது.

எவ்வளவு அடித்தோம் என்பதை அளக்க ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஜான் ஆல்மென் 1940-களில் ஒரு வழி கண்டார். 76 மி.மீ. நீளம், 19 மி.மீ. அகலம் கொண்ட ஒரு எஃகுத் தகட்டை ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அது வளைந்துகொள்ளும். அந்த வளைவின் உயரமே அடியின் தீவிரம். நமக்கு அதிகம் பயன்படுவது 1.29 மி.மீ. தடிமனுள்ள ‘ஏ’ வகைத் தகடு. நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், நேரம் இருமடங்கானாலும் வளைவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடாத இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் நிறைவுப் புள்ளி. ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு தகடு போட்டுப் பாருங்கள். குண்டுகள் உடைந்து கூராகிவிட்டால் அவை மேற்பரப்பை நசுக்காமல் கீறும். சல்லடையில் சலித்து உடைந்ததை வெளியேற்றாத பட்டறையில் பீனிங்கே விரிசலுக்கு வித்திட்டுவிடும். அடி முழுவதும் விழுந்திருக்கிறதா என்பதைப் பத்து மடங்கு காட்டும் லென்ஸில், முக்கியமாகச் சுருளின் உட்பக்கத்தில் பாருங்கள். வெளிப்பக்கம் குண்டு தாராளமாக விழும். தேவையான உட்பக்கத்துக்குத்தான் எட்டாது.

பலன் எவ்வளவு? 8 மி.மீ. ஸ்பிரிங்குக்குத் திரும்புவோம். அமெரிக்க ஸ்பிரிங் பொறியாளர் ஸிம்மர்லி தொகுத்த எண்களை இன்றும் பொறியியல் பாடப்புத்தகங்கள் பயன்படுத்துகின்றன. 10 மி.மீ.க்குக் குறைந்த எஃகுக் கம்பியில், முடிவில்லா ஆயுளுக்கு, பீனிங் செய்யாத ஸ்பிரிங் தாங்கும் தகைவு வீச்சு 241 மெகாபாஸ்கல், சராசரி 379. பீனிங் செய்ததற்கு வீச்சு 398, சராசரி 534. நம் ஸ்பிரிங் 500-க்கும் 2000-க்கும் நடுவே ஏறி இறங்கினால் வீச்சு 750 நியூட்டன், அதாவது 224 மெகாபாஸ்கல். சராசரி 1250 நியூட்டன், அதாவது 374. பீனிங் இல்லாவிட்டால் மயிரிழையில் பிழைக்கிறது. வண்டிக்காரர் பாரத்தைக் கூட்டி உச்சத்தை 2400-க்குக் கொண்டுபோனால் வீச்சு 284, சராசரி 434. பீனிங் இல்லாதது அங்கே செத்தது. பீனிங் செய்தது கவலையில்லாமல் ஓடும்.

இதே ஸிம்மர்லி 1957-ல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு, ஸ்பிரிங் பயன்பாட்டில் நடக்கும் மனிதத் தவறுகளைப் பற்றியது. எஃகின் மேல் பழி போடுவது அன்றைக்கே பழைய வழக்கமாக இருந்திருக்க வேண்டும்.

இனி மறுபக்கம். பீனிங் முடிந்து வந்த ஸ்பிரிங்கை அப்படியே பாரத்தில் வைத்தால், பீனிங் செய்யாத ஜோடியைவிடக் கூடுதலாக உட்காரும். அடிபட்ட மேல்தோலில் நகரத் தயாராக இருக்கும் குறைகள் பெருகிவிட்டன. மீட்சி எல்லை தாழ்ந்துவிட்டது. முறிவுக்கு மருந்து கொடுத்து உட்காருவதை வரவழைத்துக்கொண்டோம்.

ஆறாம் படி: மறு சூடு, ஆனால் இளஞ்சூடு

அந்த இழப்பை மீட்க 200 முதல் 230 டிகிரியில் அரை மணி நேரம் மறுபடி சூடு. மேல்தோலில் உள்ள குறைகள் கார்பன் அணுக்களால் பூட்டப்பட்டு நகர முடியாமல் போகின்றன; உட்காருதல் குறைகிறது. புதியவர்கள் சறுக்குகிற இடம் இது. முதல் அடுப்பில் 400 வைத்தோமே, இங்கும் அதையே வைத்தால் என்ன என்று தோன்றும். வைத்தால் பீனிங் கொடுத்த அமுக்குத் தகைவு கரைந்துபோகும். கார்பன் எஃகில் 250-ஐத் தாண்டும்போதே அந்தக் கரைவு தொடங்கிவிடுகிறது. ஸ்பிரிங்கைப் பார்த்தால் எதுவும் தெரியாது. பீனிங்கின் குழித்தடம் அழகாக அப்படியே இருக்கும், உள்ளே பலன் மட்டும் இருக்காது. இரண்டு வேலைக்கும் ஒரே அடுப்பைப் பயன்படுத்தும் சிறு பட்டறையில், கூடைகளுக்கு வெவ்வேறு நிற அட்டை கட்டுவது நல்ல ஏற்பாடு.

ஏழாம் படி: ஸ்க்ராகிங்

வேண்டிய நீளத்தைவிடச் சற்று நீளமாகச் சுற்றி, பிறகு சுற்றோடு சுற்று முட்டும்வரை மூன்று முதல் ஐந்து தடவை அமுக்கி விடுவது ஸ்க்ராகிங். முதல் அமுக்கில் நன்றாகக் குட்டையாகும், இரண்டாவதில் கொஞ்சம், அடுத்தடுத்ததில் அநேகமாக மாறாது. உட்கார வேண்டியதை நம் கையாலேயே உட்கார வைத்து, மிச்சத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம்.

நீளத்தை நிலைப்படுத்துவதோடு இது நிற்பதில்லை. அமுக்கும்போது கம்பியின் மேற்பரப்பு மீட்சி எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறது, நடுப்பகுதி தாண்டுவதில்லை. விட்டதும் நடுப்பகுதி மேற்பரப்பை எதிர்த்திசையில் முறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை பாரம் ஏறும்போது மேற்பரப்பு அந்த எதிர்முறுக்கைத் தாண்டித்தான் வருந்தத் தொடங்கும். அதனால்தான் கார்பன் கம்பி ஸ்பிரிங்கில் நிலையான பாரத்துக்கு, ஸ்க்ராகிங் இல்லாமல் இழுவலிமையில் 45 சதவீதம் வரை முறுக்குத் தகைவு அனுமதிக்கும் வடிவமைப்பாளர்கள், ஸ்க்ராகிங் செய்தால் 60 முதல் 70 வரை போகிறார்கள். கடினப்படுத்திப் பதப்படுத்திய கம்பிக்கு அது 50-லிருந்து 65 முதல் 75 வரை.

வரிசை இங்கேதான் உயிர். பீனிங், இளஞ்சூடு, அதற்குப் பிறகு ஸ்க்ராகிங். ஸ்க்ராகிங் செய்த பிறகு சூடாக்கினால் அந்த எதிர்முறுக்கில் ஒரு பங்கு இளகி, கைக்கு வந்த பலன் போய்விடும். இன்ஜின் பக்கம் போகும் ஸ்பிரிங்குக்கு 150 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே அமுக்கும் முறையும் உண்டு. வெப்பத்தில் உட்காருவதற்கு எதிராக அது குளிர்நிலை ஸ்க்ராகிங்கைவிட வலுவானது.

எத்தனை மில்லிமீட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டும் என்பதற்குச் சூத்திரம் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். அந்த லாட்டின் கம்பியில் பத்துத் துண்டு சுற்றி, எல்லாப் படிகளையும் முடித்து, அளந்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று: அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கண்ணையும் தாடையையும் கேட்காது. காவல் கதவு மூடாமல் பிரஸ்ஸை ஓட்டாதீர்கள். முகத்தை ஸ்பிரிங்கின் அச்சுக்கு நேராக வைக்காதீர்கள்.

எட்டாம் படி: பூச்சு

ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயில் மழை. சாலையில் சேறும் சிறுகல்லும். கல் பட்டுப் பூச்சு பெயர்ந்த இடத்தில் துருக்குழி விழும், அந்தக் குழியிலிருந்து விரிசல். வாகனங்களின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் சாலையில் முறிவதற்கு முதன்மையான காரணங்களில் இதுவும் ஒன்று. மேலே சொன்ன ஸிம்மர்லி எண்கள் துரு ஏறாத நிலையில் உள்ள ஸ்பிரிங்குக்கு மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். ஃபாஸ்பேட் அடிப்பூச்சின் மேல் பவுடர் கோட்டிங் நல்ல காப்பு. அதன் அடுப்பும் 180, 200 டிகிரி. ஆக அதுவும் ஒரு சூடு. பூச்சுக்குப் பிறகு நீளத்தையும் விசையையும் மறுபடி அளக்காமல் பெட்டியில் போடக் கூடாது.

மின்முலாம் பூசினால் இன்னொரு ஆபத்து. அமிலத் தொட்டியிலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். அப்படிப்பட்ட ஸ்பிரிங் அசையாமல் அமுங்கியிருக்கும் நிலையிலேயே, ஒரு நாள் கழித்தோ ஒரு வாரம் கழித்தோ படீரென்று உடையும். முலாம் முடிந்து நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். வலிமை கூடிய ஸ்பிரிங்குக்கு மின்முலாமே வேண்டாம், துத்தநாகச் செதில் பூச்சு போதும் என்பது என் கட்சி.

ஒன்பதாம் படி: உட்காருவதைச் சோதியுங்கள்

இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். இரண்டு தடித்த தகடு, நடுவே ஒரு போல்ட், துல்லியமாக 81 மி.மீ.க்கு வெட்டிய ஒரு குழாய். முதலில் ஸ்பிரிங்கை 81 மி.மீ.க்கு அமுக்கி விசையை எழுதுங்கள். பிறகு தகடுகளுக்கு நடுவே வைத்து, குழாய் இறுகும்வரை முடுக்கி, அடுப்பில் வையுங்கள். வெப்பநிலையும் நேரமும் வரைபடத்தில் இருக்கும். பழகுவதற்கென்றால் 120 டிகிரி, 48 மணி நேரம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே போல்ட்டைத் தளர்த்துங்கள். மறுபடி 81 மி.மீ.யில் விசை. குறைந்ததை ஆரம்ப விசையால் வகுத்தால் இழப்புச் சதவீதம்.

ஒரே கம்பிச்சுருளிலிருந்து ஐந்து கூட்டம் ஸ்பிரிங் செய்து இந்தச் சோதனையை வையுங்கள். ஒன்று சுற்றியதோடு சரி. இரண்டாவது சுற்றிச் சூடாக்கியது. மூன்றாவதில் அதன் மேல் பீனிங் மட்டும். நான்காவதில் எல்லாப் படிகளும் சரியான வரிசையில். ஐந்தாவதில் எல்லாம் உண்டு, ஆனால் ஸ்க்ராகிங் முன்னால், இளஞ்சூடு பின்னால். அதிகம் இழப்பது முதல் கூட்டம், குறைவாக இழப்பது நான்காவது. மூன்றாவது இரண்டாவதைவிட மோசமாக வருவதையும், ஐந்தாவது நான்காவதை எட்டாமல் நிற்பதையும் உங்கள் கையாலேயே எழுதிப் பார்த்தால், எந்த வகுப்பும் சொல்லித்தராத அளவுக்கு வரிசை மனதில் பதியும்.

பத்தாம் படி: முறிவைச் சோதியுங்கள்

இங்கே பொறுமை வேண்டும். நிமிடத்துக்கு 600 தடவை அமுக்கும் இயந்திரத்தில் 5 லட்சம் சுழற்சி முடிய 14 மணி நேரம். 1 கோடிக்குப் பதினொன்றரை நாள். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இன்ஜினில் வால்வு ஸ்பிரிங் நிமிடத்துக்கு 3000 தடவை அமுங்குகிறது. அந்த 1 கோடியை அது 56 மணி நேரத்துக்குள் தாண்டிவிடும். வால்வு ஸ்பிரிங்குக்கு ஏன் முடிவில்லா ஆயுள் கேட்கிறார்கள், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்கு ஏன் சில லட்சத்தோடு நிறுத்துகிறார்கள் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஒரு ஸ்பிரிங் 8 லட்சம் தாங்கியது என்று அறிக்கை எழுதாதீர்கள். ஒரே லாட்டில் ஒன்று 3 லட்சத்தில் போகும், பக்கத்தில் இருப்பது 12 லட்சம் ஓடும். ஃபெட்டீக்கின் குணம் அது. குறைந்தது ஆறேழு துண்டாவது ஓட்டி, ஸ்வீடன்காரர் வைபுல் 1951-ல் விளக்கிய பரவல் முறையில் வைத்து, பத்தில் ஒன்று முறியும் ஆயுள் எது என்று சொல்வதே வழக்கம். பட்டறையில் வசதி இல்லாவிட்டால் புனேயிலேயே ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது. 1966-ல் தொடங்கிய வாகன ஆய்வு நிறுவனம். அது நிற்கும் வேதாள் குன்றின் அந்தப் பக்கத்தையே ஊர்க்காரர்கள் ஏ.ஆர்.ஏ.ஐ. டெக்டி என்கிறார்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு ஏறுகிறவர்களில் பலருக்கு உள்ளே என்னென்ன குலுங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது.

பெரிய ஸ்பிரிங் என்றால்: பெரம்பூரிலிருந்து ஒரு பாடம்

இதுவரை பேசியது கையில் பிடிக்கும் ஸ்பிரிங். ரயில் பெட்டிக்கு அடியில் இருப்பது மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் தடித்த கம்பி. அதைக் குளிரில் சுற்ற முடியாது. செக்கச்சிவக்கக் காய்ச்சிச் சுற்றி, எண்ணெயில் குளிர்வித்து, பதப்படுத்தி, பீனிங்கும் ஸ்க்ராகிங்கும் செய்து, காந்தத்தூள் வைத்து விரிசல் தேடுவார்கள். காய்ச்சும்போது மேல்தோலில் கார்பன் எரிந்துபோனால் அந்தத் தோல் மென்மையாகிவிடும். பெரிய ஸ்பிரிங்கின் முறிவுகளில் இதற்குத் தனி இடம் உண்டு. குவாலியர் பக்கத்தில் சிதோலியில் ரயில்வேக்கு இதற்கென்றே ஒரு ஆலை இருக்கிறது.

1955-ல் உற்பத்தி தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.), சுவிஸ் வடிவமைப்பில் செய்த பெட்டிகளில் அச்சுப்பெட்டிக்கு மேலே ஒரு அடுக்கு, நடுத்தாங்கிக்குக் கீழே ஒரு அடுக்கு என்று சுருள் ஸ்பிரிங் உட்கார வைத்தது. அந்த வகைப் பெட்டி செய்வது 2018-ல் நின்றுவிட்டாலும் பராமரிப்பு முறை கற்கத் தக்கது. பணிமனைக்கு வரும் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் குறித்த பாரத்தில் அமுக்கி, நிற்கும் உயரத்தை வைத்து ஏ, பி, சி என்று மூன்று கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு போகிக்கு ஒரே கூட்டம். ஸ்பிரிங் உட்காருவதை ஒரேயடியாக ஒழித்துவிட முடியாது என்று ஒப்புக்கொண்டு, உட்கார்ந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, பெட்டி ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. புனேயில் ஸ்கூட்டருக்கோ காருக்கோ ஜோடி ஸ்பிரிங் அனுப்பும் பட்டறையும் இதைக் காசு செலவில்லாமல் செய்யலாம்.

பதினொன்றாம் படி: முறிந்த துண்டைக் கையாளுதல்

துண்டு கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது, இரண்டு முகத்தையும் ஒட்டவைத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. செய்யாதீர்கள், முகத்தில் இருக்கும் நுண்தடங்கள் அப்போதே தேய்ந்துவிடும். கம்பி பிரஷ், அமிலம், விரல் எதுவும் வேண்டாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஃபெட்டீக் முறிவு பெரும்பாலும் கம்பியின் அச்சுக்கு 45 டிகிரி சாய்ந்து போயிருக்கும். ஒரு புள்ளியிலிருந்து வளைவு வளைவாக விரியும் வழுவழுப்பான பகுதி விரிசல் மெல்ல நடந்து போன பாதை. சொரசொரப்பான மிச்சம், கடைசியில் ஒரே அடியில் போனது. வளைவுகளின் மையத்தைப் பிடியுங்கள். அது மேற்பரப்பில் ஒரு குழியில் இருந்தால் துருவையும் பூச்சையும் கேளுங்கள். நீளவாட்டில் ஒரு கோட்டில் இருந்தால் கம்பி ஆலையையோ சுற்றும் கருவியையோ கேளுங்கள். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உள்ளே இருந்தால் பீனிங் தன் வேலையைச் செய்துவிட்டது; எஃகுக்குள் சிக்கிய கசடுதான் குற்றவாளி, கம்பியின் வார்ப்பு எண்ணைத் தேட வேண்டும்.

பிறகு இரண்டு துண்டுகளையும் தனித்தனியே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, லாட் எண், அடுப்பின் வெப்பநிலைப் பதிவு, அன்றைய ஆல்மென் தகட்டின் வளைவு, ஸ்க்ராகிங் எத்தனை அமுக்கு என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்து, உலோகவியல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதே லாட்டில் முறியாத ஸ்பிரிங் இரண்டும் கூடவே போக வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாமல் வரும் முறிந்த துண்டை வைத்துக்கொண்டு ஆய்வகத்தாரால் அதிகம் சொல்ல முடியாது.